இரண்டு முழம் நாடா

குச்சி என்ற பெயரை அவளுக்கு வைத்தது நான்தான். வேண்டுமென்று வைக்கவில்லை. ரொட்டிக் கடைக்கு நேர் எதிரே என் தையல் கடை. கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த புதிதில் அவளுக்கு இடுப்பு முப்பது. மூன்றே வருஷத்தில் இருபத்திரண்டுக்கு வந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அதே பாவாடைகளைத் தூக்கிக்கொண்டு வந்து, "டெய்லர் அண்ணே, இதைக் கொஞ்சம் பிடிச்சுக் கொடுங்க" என்பாள். நாலாவது தடவை பிடிக்கத் துணியில் இடமில்லை. இரண்டு பக்கத் தையலும் நடுவில் வந்து முட்டிக்கொண்டன. "என்ன தங்கச்சி, குச்சிக்குத் துணி சுத்தச் சொல்ற மாதிரி இருக்கே" என்றேன். பட்டன் வாங்க வந்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். ஒரு வாரத்துக்குள் தெருவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தது. அவள் புருஷனும்தான்.

புருஷனை எல்லோரும் மாஸ்டர் என்போம். அவருடைய அப்பாவுக்கும் அதே பெயர். கீழே கடை, கடைக்குப் பின்னால் மாவு பிசையும் அறை, அதற்கும் பின்னால் அடுப்பு, மேலே வீடு. மாவு எல்லா இடத்திலும் இருக்கும். மாடிப்படிக் கைப்பிடியில் விரலை வைத்து எடுத்தால் விரல் வெள்ளை. கொடியில் காயும் துணியை உதறினால் புகை மாதிரி பறக்கும். மாஸ்டரின் புருவம் முப்பத்தைந்து வயதிலேயே நரைத்ததுபோல் இருக்கும். முகம் கழுவினால் கறுத்துவிடும்.

கல்லாவில் உட்காருவது மாஸ்டரின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவள். எந்த வாடிக்கையாளர் எந்த ரொட்டியைக் கருகலாகக் கேட்பார், யார் ஓரம் வெட்டித் தரச் சொல்வார், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். தம்பி பெண்டாட்டி விஷயத்திலும் அவளுக்கு எல்லாம் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

குச்சிக்குப் பொட்டலம் கட்டும் அறையில் வேலை. ரொட்டியை ஆறவைத்து, துண்டு போட்டு, தாளில் சுற்றி அடுக்க வேண்டும். துண்டு போடும்போது இரண்டு முனையிலும் ஓரத் துண்டு மிஞ்சும். அது விற்காது. அந்த வீட்டில் எதையும் வீணாக்க மாட்டார்கள். காலையில் ஓரத் துண்டைத் தேநீரில் நனைத்துச் சாப்பிடுவாள். மத்தியானம் அதையே சூப்பில் போட்டு. ராத்திரி மிஞ்சியிருந்தால் அதுவும்.

வயிறு உப்பிக்கொள்ளும். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை கக்கூசுக்கு ஓடுவாள். வாய் முழுக்கப் புண். சீப்பை எடுத்தால் முடி கொத்தாக வரும். இரண்டு தடவை கர்ப்பம் நின்று, இரண்டு தடவையும் மூன்றாம் மாதம் போய்விட்டது. ஒரு டாக்டர் வாயு என்றார், ஒருத்தர் பூச்சி மருந்து கொடுத்தார், ஒருத்தர் மனசைச் சந்தோஷமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்.

"வேலைன்னா வலிக்கிற வயிறு அது" என்பாள் அக்கா, கல்லாவில் இருந்தபடியே, வாடிக்கையாளர் காதில் விழும்படி. "பொட்டலம் கட்டச் சொல்லு, உடனே கக்கூஸ். சாப்பிடச் சொல்லு, ஓடி வந்து உட்காருவா. நாலு ஆள் சாப்பாடு சாப்பிடுறா, எங்க போகுதுன்னுதான் தெரியல."

உண்மைதான், அவள் நிறையச் சாப்பிட்டாள். பசி அடங்கவேயில்லை. சாப்பிடச் சாப்பிட இளைத்தாள்.

ஒரு நாள் முற்பகலில் என் கடைப் படியிலேயே விழுந்துவிட்டாள். அடுப்பில் ரொட்டி இருந்ததால் மாஸ்டரால் நகர முடியவில்லை. நானும் என் மனைவியும்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். நாலு நாள் வைத்திருந்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், வாய்வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார்கள். முடிவு சொல்லும் அன்றைக்கும் மாஸ்டர் வரவில்லை, நான்தான் பக்கத்தில் இருந்தேன். அந்த டாக்டரம்மா நிதானமாகப் பேசுகிறவர்.

"நம்ம உடம்புக்குள்ள ஒரு காவல் படை இருக்கும்மா. கிருமி வந்தா அடிக்கிறதுக்கு. உங்க உடம்புல அது கோதுமையைப் பார்த்தா மிரண்டுபோய் உங்க குடலையே அடிக்குது. இதுக்குச் சீலியாக்னு பேரு. குடல் உள்பக்கம் தேஞ்சு வழுக்கையாக் கெடக்கு. அதான் தின்னது எதுவும் ஒட்டல."

"மாத்திரை எத்தனை நாளைக்கு டாக்டர்?"

"இதுக்கு மாத்திரை கெடையாது. நிறுத்துறதுதான் மருந்து. கோதுமை, பார்லி ரெண்டும் ஆயுசுக்கும் தொடக் கூடாது. துணுக்குக்கூட."

"ரொட்டி?"

"முதல்ல ரொட்டிதாம்மா."

குச்சி சிரித்துவிட்டாள். நாலு நாளில் நான் பார்த்த முதல் சிரிப்பு. "எங்க வீடே ரொட்டிதான் டாக்டர்."

"அப்ப வீட்டுக்குள்ளயே உங்களுக்குன்னு தனியா ஒரு வீடு பண்ணிக்கணும். தனி அடுப்பு, தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. மாவு பறக்கிற எடத்துல வேலையே பார்க்கக் கூடாது. நேரத்துக்குத் தூங்கணும், காலைல நடக்கணும். குடல் தானா வளரும். பொறுமை வேணும், அவ்வளவுதான்."

மாஸ்டரிடம் நான்தான் சொன்னேன். கையில் ஒட்டியிருந்த மாவை உருட்டி உருட்டிக் கீழே போட்டுக்கொண்டே கேட்டார். "ரொட்டி தின்னா செத்துப்போற மனுஷங்களை நீங்க கேள்விப்பட்டிருக்கீங்களா டெய்லர்?" என்றார். பிறகு எழுந்து போய்க் கையைக் கழுவினார், முழங்கை வரைக்கும்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. முதல் ஏழு மாதம் அவரைப்போல் ஒரு புருஷனை நான் பார்த்ததில்லை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பழைய தட்டுகள் அடைந்து கிடந்த அறையை அவரே காலி செய்து சுண்ணாம்பு அடித்தார். புதுப் பாத்திரம் வாங்கி, கீழே இருப்பதோடு கலந்துவிடாமல் இருக்க ஒவ்வொன்றின் பிடியிலும் சிவப்புச் சாயம் தடவினார். மத்தியான ரொட்டி அடுப்பிலிருந்து இறங்கியதும் தலைக்குக் குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டு மேலே போய் அவளுக்குக் கஞ்சி வைப்பார். அரிசியும் உருளைக்கிழங்கும் கீரையும் போட்டுக் குழைய வேகவைத்த கஞ்சி. மற்ற வேளைக்கு அவளே முட்டையோ சோறோ செய்துகொள்வாள். மத்தியானம் மட்டும் அவர் கை. "எனக்குச் சமைக்கத் தெரியாதுன்னு இல்லண்ணே, அவர் வச்சாத்தான் எனக்கு எறங்குது" என்பாள்.

பொட்டலம் கட்டும் அறைக்கு அவள் போகவில்லை. என் கடை வேலையில் பட்டன் வைப்பது, மடிப்புத் தைப்பது இரண்டையும் எடுத்துக்கொண்டு போய் மாடியில் உட்கார்ந்து செய்தாள். ஊசி பிடிக்கும் கை முதலில் நடுங்கியது, பிறகு நின்றது. காலையில் குளத்தைச் சுற்றி நடந்துவிட்டு, முகம் வேர்த்து, திரும்பும் வழியில் என் கடையில் தண்ணீர் குடிப்பாள். முப்பத்தெட்டுக் கிலோ இருந்தவள் நாற்பத்தொன்பது ஆனாள். பாவாடைகள் மறுபடி வந்தன, இந்தத் தடவை பிரிக்க. நான் பிடித்த தையல்களையெல்லாம் நானே ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பிரித்த இடத்தில் துணி சாயம் போகாமல் புதிதாக இருந்தது. தலையைக் குனிந்து காட்டி, "பாருங்கண்ணே, பொடிப்பொடியா முளைக்குது" என்றாள். வகிட்டில் குட்டி முடிகள் நட்டுக்கொண்டு நின்றன.

தெரு சும்மா இருக்குமா?

"மாஸ்டர், உங்க ரொட்டி உங்க வீட்டுலயே போணியாகலையாமே?" என்பான் பால்காரன். ஒரு பெண்மணி பொட்டலத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "எங்க புள்ளைங்க சாப்பிடலாம்ல? ஒண்ணும் ஆகாதே?" என்று கேட்டாள். தெருக் கோடியில் புதிதாக ஒரு ரொட்டிக் கடை வந்திருந்தது. சில பேர் பேச்சோடு பேச்சாக அங்கே நடந்துவிட்டார்கள். மாஸ்டர் எல்லாவற்றுக்கும் சிரிப்பார். காது மட்டும் சிவந்துபோகும்.

"நம்ம அப்பா கையால பண்ண ரொட்டியைத் தின்னு இந்தத் தெருவுல ரெண்டு தலைமுறை வளர்ந்துச்சு" என்பாள் அக்கா. "இவ ஒருத்திக்கு மட்டும் விஷமாம். அவளுக்கு வேலை செய்ய நோவு, அந்த டாக்டருக்குப் பெருசாப் பேர் சொல்ல ஆசை. மாடியில ராணி மாதிரி உட்கார வச்சு ஊட்டிக்கிட்டிருக்க. தெரியாம கொஞ்சம் உள்ள போயிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. தெரிஞ்சாத்தான் அவளுக்கு வலிக்கும்."

இனி சொல்லப்போவது அப்போது எனக்குத் தெரியாது. பின்னால் மாஸ்டரே என் கடையில் உட்கார்ந்து சொன்னது. ஆனால் நடந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் குளித்துவிட்டு மேலே போகிறபோது, மூட்டையிலிருந்து அரைக் கரண்டி மாவைத் தாளில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கஞ்சியில் கரைத்தார். அவள் குடித்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் போட்டார். ஒன்றும் ஆகவில்லை. நாலு நாள் ஆனதும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லையாம். பத்து நாள் போகட்டும், அவளைக் கடைக்குக் கூட்டிவந்து எல்லார் முன்னாலும் ஒரு சூடான ரொட்டியைப் பிட்டு வாயில் வைத்து, 'பத்து நாளா இதைத்தாண்டி தின்னுக்கிட்டிருக்க' என்று சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்திருக்கிறார்.

ஆறாம் நாள் அவளுக்கு வயிறு உப்பியது.

"நிறுத்தியிருக்கலாமே மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"நிறுத்தினேன் டெய்லர். மூணு நாள் நிறுத்தினேன், கொஞ்சம் சரியாச்சு. அது மாவாலதானா, இல்ல அவ தின்ன முட்டையாலயான்னு எனக்கு நிச்சயம் ஆகல. திரும்பப் போட்டேன். புது மாவு வந்தா நாங்க அப்படித்தான் பார்ப்போம். போட்டுப் பார்ப்போம், எடுத்துப் பார்ப்போம்."

ஆறு வாரம் போட்டும் எடுத்தும் பார்த்திருக்கிறார்.

அந்த ஆறு வாரமும் அவள் தன்னைத்தான் சோதித்துக்கொண்டிருந்தாள். முட்டையால் இருக்கும் என்று முட்டையை விட்டாள். பாலை விட்டாள். பழத்தை விட்டாள். அரிசியை ஏழு தண்ணீர் விட்டுக் கழுவினாள். நான் கொடுத்த துணியில் மொடமொடப்புக்கு மைதாக் கஞ்சி போட்டிருப்பார்களோ என்று கேட்டு, பட்டன் வேலையையும் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கடைசியில் அவள் பயமில்லாமல் சாப்பிட்டது ஒன்றே ஒன்றுதான்: மத்தியானக் கஞ்சி. "அது அவர் பார்த்துப் பார்த்து வைக்கிறதுண்ணே. அதுல ஒண்ணும் இருக்காது" என்றாள். வாயில் மறுபடி புண் வந்திருந்ததால் பேச்சு குழறியது. பாவாடையை நாடாவால் இழுத்துக் கட்டியிருந்தாள்.

டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கோபப்பட்டிருக்கிறார். "கோதுமை உள்ள போயிருக்கு. துணுக்கு இல்ல, தினமும் போற மாதிரி இருக்கு. என்கிட்ட மறைக்காதீங்க. யாருக்கும்மா நஷ்டம்?" இவள் சத்தியம் செய்திருக்கிறாள். "எல்லாரும் சத்தியந்தான் பண்றாங்க" என்றாராம் அவர்.

அன்று சாயங்காலம் அந்த ரத்தப் பரிசோதனைத் தாளைக் கல்லாவில் வைத்துக்கொண்டு அக்கா பிடித்துக்கொண்டாள். கடை நிறைய ஆள். நானும் ரொட்டி வாங்கப் போயிருந்தேன்.

"திருடித் தின்னிருக்கா! பார்த்துக்கோங்க எல்லாரும். டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கு. ஊருக்கு முன்னால விஷம், மறைவுல வெல்லமா? ஓரத் துண்டு தினம் கொறையுதேன்னு நான் அன்னைக்கே நினைச்சேன்."

"அண்ணி, சத்தியமா நான் தொடல" என்றாள் குச்சி. படிக்கட்டு ஓரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப எப்படி உள்ள போச்சு? காத்துல பறந்து போச்சா? வாயைத் தெறந்துக்கிட்டே தூங்குனியா?"

எல்லோரும் சிரித்தோம். அவள் புருஷனைப் பார்த்தாள். மாஸ்டர் அடுப்பறை வாசலில் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் துடைத்தார். பிறகு சொன்னார்:

"விடுக்கா. பசின்னா யாருக்குத்தான் மனசு கேக்கும்? தெரியாம தின்னிருப்பா. நான் ஒண்ணும் நினைச்சுக்கல. எல்லாம் மன்னிச்சாச்சு."

எவ்வளவு பெரிய மனசு என்று நாங்கள் பேசிக்கொண்டே வெளியே வந்தோம்.

அன்றோடு அவர் மாவு போடுவதை நிறுத்திவிட்டார்.

மூன்றாம் நாள் குச்சி என் கடைக்கு வந்தாள். "ரெண்டு முழம் நாடா கொடுங்கண்ணே. பட்டையா, அறுக்காததா."

"எதுக்கு?"

சொல்லத் தயங்கினாள். பிறகு, வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோல் சொன்னாள். "முழிச்சிக்கிட்டு இருக்கும்போது நான் தின்னலண்ணே. அது எனக்கு நல்லாத் தெரியும். அப்ப தூக்கத்துல எந்திரிச்சுப் போய்த் தின்னுருக்கேன். வேற வழியே இல்ல. தூக்கத்துல நடக்கிறவங்க உண்டாமே? என் கையையும் அவர் கையையும் சேர்த்துக் கட்டிக்கிட்டுப் படுக்கலாம்னு இருக்கேன். நான் எந்திரிச்சா அவருக்குத் தெரிஞ்சிடும்ல?"

"மாஸ்டர் என்ன சொன்னாரு?"

"சரின்னுட்டாரு."

சிவப்பு நாடா வெட்டிக் கொடுத்தேன். அவள் போன பிறகு பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு இதைச் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

நாடா கட்ட ஆரம்பித்த பிறகு அவளுக்குக் குணமாகிவிட்டது. அதுதான் கொடுமை. மூன்றாவது வாரம் வயிறு அடங்கியது, புண் ஆறியது, எடை ஏறியது. அப்படியென்றால் தூக்கத்தில் தின்றது உண்மைதானே? வேறெந்தச் சாட்சி வேண்டும்? அவளே முழுதாக நம்பினாள். கல்லா முன்னால் வந்து நின்று, "அண்ணி, நான்தான் தின்னிருக்கேன். எனக்கே தெரியல. மன்னிச்சிடுங்க" என்றாள். அக்கா பாக்கிச் சில்லறையை எண்ணிக்கொண்டே, "சரி சரி, இனிமே ஒழுங்கா இரு" என்றாள். அதே அக்கா, மாஸ்டர் தாளில் மாவு மடித்துக்கொண்டு மேலே போவதை முதல் வாரத்திலேயே கல்லாவிலிருந்து பார்த்தவள்.

எட்டு மாதம் அப்படிப் போனது. அவள் கடை வாசலைத் தாண்டினால் யாராவது மணிக்கட்டைக் காட்டிச் சைகை செய்வார்கள். அவளும் சிரித்து வைப்பாள். ரொட்டி அடுக்கு இருக்கும் அலமாரிக்குப் பூட்டுப் போட்டார்கள். அவளே கேட்டுப் போடச் சொன்னது. மணிக்கட்டில் நாடா உரசி ஒரு பட்டை தழும்பாகவே ஆகிவிட்டது.

குச்சிக்குப் பதிலாகப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த பெண் வேலையை விட்டுப் போனபோதுதான் எல்லாம் உடைந்தது. காலை பத்து மணி இருக்கும். அடுத்த வாரக் கல்யாணம் ஒன்றுக்குப் பத்து உருப்படி தைக்க வாங்கியிருந்ததால் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தேன். எதிரே சத்தம் கேட்டு நிமிர்ந்தேன்.

"இப்பத்தான் தேறி நல்லா மாடு மாதிரி இருக்காளே, கீழ வந்து பொட்டலம் கட்டட்டும்" என்றாள் அக்கா.

"வேணாம்க்கா. வேற ஆள் பார்க்கலாம்."

"ஏன் வேற ஆளு? வீட்டுல ஒருத்தி சும்மா உட்கார்ந்திருக்கும்போது?"

"மாவு அவ உடம்புக்கு ஆகாது."

"ஆகாதுன்னு டாக்டர் சொன்னா நீ நம்பிடுவியா?"

"டாக்டர் சொல்லி இல்லக்கா. எனக்கே தெரியும், ஆகாதுன்னு."

"தெரியாம என்ன? ஆறு வாரம் கஞ்சியில கலக்கிப் போட்டுப் பார்த்தவனாச்சே! உனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?"

இருவரும் படிக்கட்டைப் பார்த்தார்கள். காய்கறிப் பையோடு குச்சி பாதிப் படியில் நின்றிருந்தாள். என் மெஷின் சக்கரம் தானாகச் சுற்றி நின்றது.

அவள் சத்தம் போடவில்லை. பையை ஒரு படியில் சாய்த்து வைத்தாள், உருளைக்கிழங்கு உருளாமல்.

"எந்தக் கஞ்சியில?"

"மத்தியானக் கஞ்சியில" என்றார் மாஸ்டர்.

"எவ்வளவு?"

அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மடித்து அளவு காட்டினார். அரைக் கரண்டி.

"தினமுமா?"

"நடுவுல நடுவுல நிறுத்தினேன்."

"நாடா கட்டும்போது தெரியுமில்ல உங்களுக்கு?"

அவர் தலை குனிந்தார்.

"நீங்கதானே முடிச்சுப் போட்டீங்க. தினம் நீங்கதானே போட்டீங்க. இறுக்கமா இருக்கா, வலிக்குதான்னு வேற கேப்பீங்களே."

"பயந்துட்டேன்டி. சொன்னா நீ போயிடுவேன்னு..."

"நான் என்னையே திருடின்னு நினைச்சேங்க" என்றாள் அவள். "படுக்கும்போது என் வாயை நானே மோந்து பார்ப்பேன், ரொட்டி வாசனை வருதான்னு."

அதற்குப் பிறகு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அன்றைக்கு என்னை எல்லார் முன்னாலும் மன்னித்தீர்கள் அல்லவா, அதேபோல எல்லார் முன்னாலும் நான் தின்னவில்லை என்று சொல்லுங்கள். நாளைக் காலையில், கூட்டம் இருக்கும்போது. மாஸ்டர் சரி என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் குளித்து, தலை வாரி, கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டியிருந்தாள். வரிசை தெருவரைக்கும் நீண்டிருந்தது. நான் பன்னிரண்டாவதோ பதிமூன்றாவதோ ஆள். மாஸ்டர் ரொட்டித் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். அவள் அவரைப் பார்த்தாள். அவர் அடுத்த தட்டை எடுக்க உள்ளே போனார். வந்தார். போனார். வெண்ணெய் ரொட்டி எடுத்து வைத்தார், பன் எடுத்து வைத்தார். பத்துப் பேர் வாங்கிப் போய்விட்டார்கள். ஐந்தாவது தட்டோடு அவர் வந்தபோது அவள் துணியைக் கழற்றினாள்.

"நான் தூக்கத்துல ரொட்டி தின்னல" என்றாள் வரிசையைப் பார்த்து. "இவர்தான் என் கஞ்சியில மாவு கலந்தாரு. ஆறு வாரம்."

பால்காரன், "என்ன மாஸ்டர், நேத்து நாடா அவுந்துபோச்சா?" என்றான். சிரிப்பு வரிசையின் கடைசிவரை போனது. அக்கா தலையில் அடித்துக்கொண்டு, "பாவம், திரும்ப ஆரம்பிச்சிடுச்சு" என்றாள். மாஸ்டர் தட்டில் இருந்த ரொட்டிகளை நேராக அடுக்கிக்கொண்டிருந்தார். முந்தின நாள் எல்லாவற்றையும் எதிர்க்கடையில் உட்கார்ந்து கேட்டவன் நான். அவள் என்னைப் பார்த்தாள். என் முறை வந்துவிட்டது. ஒரு ரொட்டி, நாலு பன் என்றேன்.

மத்தியானத்துக்குள் அவள் கிளம்பிவிட்டாள். துணிப் பை ஒன்று, சிவப்புப் பிடி போட்ட பாத்திரங்களில் மூன்று. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சலவைக் கடையில் துணி மடிக்கும் வேலையும், அதற்கு மேலேயே ஒரு அறையும் டாக்டரம்மா சொல்லிக் கிடைத்ததாகக் கேள்விப்பட்டோம்.

ஐந்து மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாஸ்டர் குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என் கடைக்கு வந்தார். அதற்கு முந்தின வாரம்தான் கடையில் வைத்து எல்லாரிடமும் உண்மையைச் சொல்லியிருந்தார். "கூட வாங்க டெய்லர். நான் சொன்னா நம்ப மாட்டா" என்றார். நான் இன்னும் தையல் பிரிக்காத, அவள் விட்டுப்போன பாவாடை ஒன்று என்னிடம் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்துக்கொண்டேன்.

சலவைக் கடையின் பக்கவாட்டில் இரும்புப் படி. மேலே ஒரே அறை. கதவு திறந்திருந்தது. சோப்பு வாடை, நீராவி வெக்கை. அவள் அடுப்பில் சோறு வைத்துவிட்டு முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். பார்த்ததும் எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. கன்னம் உப்பி, முழங்கை எலும்பு மறைந்து, முடி தோள்வரை அடர்த்தியாக வளர்ந்திருந்தது. இடுப்பு முப்பதுக்குக் குறையாது என்று கண்ணாலேயே அளந்தேன், தொழில் புத்தி.

எங்களை உள்ளே கூப்பிடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"சொல்லிட்டேன்" என்றார் மாஸ்டர். "எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். கடையில, காலையில, கூட்டம் இருக்கும்போது. நான்தான் போட்டேன்னு. நீ தின்னலன்னு."

"எல்லார்கிட்டயுமா?"

"எல்லார்கிட்டயும். வேணும்னா டெய்லரைக் கேளு."

அவள் என் பக்கம் திரும்பினாள். "சொன்னாராண்ணே?"

"சொன்னாரும்மா. அழுதுட்டாரு."

"கேட்டுட்டு அவங்க என்ன சொன்னாங்க?"

நான் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் படியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லியிருக்கலாம். என்ன பொய் சொல்வது என்று தெரியவில்லை.

"என்ன சொன்னாங்கண்ணே? சிரிச்சாங்களா?"

"சிரிக்கல. விடுங்க மாஸ்டர், புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும், நல்லதுன்னு நினைச்சுத்தானே பண்ணீங்க, மனசுல வச்சுக்காதீங்கன்னு..."

"நீங்க?"

"நானும் அப்படித்தான் சொன்னேன்."

அவள் தலையை ஆட்டினாள், கணக்கு சரியாக வந்ததுபோல. கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. கையை நீட்டி என்னிடமிருந்து பாவாடையை வாங்கினாள். விரித்து இடுப்பில் வைத்துப் பார்த்தாள். ஒரு சாண் போதவில்லை. மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"ரொட்டி வாங்காம யாராவது திரும்பிப் போனாங்களா?"

"இல்லம்மா."

உள்ளே சோறு பொங்கி மூடி ஆடியது. "அடுப்புல இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டாள். மாஸ்டர் இரும்புப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மூடியை இறக்கிவைக்கும் சத்தம், தட்டு எடுக்கும் சத்தம், பிறகு அவள் தனியாக உட்கார்ந்து சாப்பிடும் சத்தம், எல்லாம் கதவுக்கு இந்தப் பக்கம் கேட்டது. அவள் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நாங்கள் அங்கேயேதான் இருந்தோம்.